வானம் தொலைந்த பின்னும்

ஸ்டுட்கார்ட்டில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த எழுபதுகளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிருக்கு ஒதுங்கத்தான் அந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சாண் உயரத்தில் ரோமானியர் காலத்து வெண்கலச் சிலை, தலைக்கு மேல் இரு கைகளையும் தூக்கியபடி நின்றது. எங்கள் ஊர்க் கோவிலில் அப்படித்தானே கும்பிடுவார்கள்.

"யாரைக் கும்பிடறான்?" என்று அரைகுறை ஜெர்மனில் காவலாளியைக் கேட்டேன்.

நெடிய மனிதர். நரைத்த மீசை, சற்றே முன்னால் வளைந்த கழுத்து. அவர் சிரிக்கவில்லை.

"கும்பிடலை, சுமக்கிறான். கிரேக்கக் கதையில வர்ற அட்லஸ். வானத்தைத் தாங்குறவன்."

"வானம் எங்கே?"

"சிலை புதைஞ்சு கிடந்த மண்ணுக்குள்ளேயே தொலைஞ்சு போச்சு. அதை இன்னும் யாரும் அவன்கிட்டச் சொல்லலை."

கண்ணாடியருகே குனிந்து பார்த்தேன். அந்தக் குட்டித் தோள்களில் தசை இறுகியிருந்தது. வெறுங்கைகள் கொஞ்சமும் தளரவில்லை.

நான் அங்கே இருந்த நேரம் முழுக்கக் காவலாளி தன் நாற்காலியில் உட்காரவே இல்லை. கிளம்பும்போது, "உங்களுக்குக் கால் வலிக்காதா?" என்றேன்.

அவர் சிலையைப் பார்த்தார்.

"அவன் நிக்கும்போதா?"

வெளியே டிராம் நிறுத்தத்தில் பெஞ்சு காலியாகக் கிடந்தது. எனக்கு உட்காரத் தோன்றவில்லை.