நேர்ச்சைப் பழம்

போன மாதம் என் மகளுக்கு ஐந்து பற்களில் வேலை இருந்தது. ஆறு வயதுப் பிள்ளை அத்தனை நேரம் வாயைத் திறந்துகொண்டு கிடக்காது, முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்றார்கள். முதல் நாள் ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும். வயிற்றில் ஏதாவது இருந்தால், மயக்கத்தில் அது மேலேறி மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பிள்ளையால் இருமித் துப்பவும் முடியாது. டாக்டர் இதைத் தாளில் படம் போட்டுக் காட்டினார். அவர் படத்தை முடிப்பதற்குள் தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

அன்று காலை கிளம்பும் முன் கணவரின் சட்டைப்பையைத் துழாவினேன். மாமியாரின் கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னேன். மகளின் வாயை முகர்ந்து பார்த்தேன். வேலை நல்லபடியாக முடிந்து, அவள் இப்போது முறுக்குக் கடிக்கிறாள். மாமியார்தான் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர்களைச் சந்தேகப்பட எனக்கு ஒரு காரணமும் கிடையாது. என் தம்பியின் கதை ஒன்றுதான் இருக்கிறது.

அவனுக்கு அப்போது நாலு வயது, எனக்கு ஒன்பது. மேலப்பாளையத்தில் இருந்தோம். வாப்பா சவூதியில். தம்பியின் கடைவாய்ப் பற்கள் எல்லாம் சொத்தையாகி, ஒரு கன்னம் பந்து மாதிரி வீங்கிவிட்டது. ஜங்ஷனில் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். பல் டாக்டர் உள்ளே விரலை விட்டதும் அவன் கடித்த கடியில், அவர் விரலைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, மயக்கம் கொடுத்து எடுத்துவிடலாம் என்றார்.

எனக்கு அப்போதே சந்தேகம். முதலில் தம்பியை எடை போட்டார்கள். பல் பிடுங்க எடை எதற்கு? ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வாங்க வருகிற ஆட்களும் ஆட்டை இப்படித்தான் தூக்கிப் பார்ப்பார்கள். பிறகு உம்மாவிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். எட்டிப் பார்த்தேன். எது நடந்தாலும் ஆஸ்பத்திரி பொறுப்பில்லை என்று அச்சடித்திருந்தது. உம்மா அதைப் படிக்கவே இல்லை. கடைசியில், முதல் நாள் ராத்திரிக்கு மேல் பிள்ளைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்றார்கள். ஏன் என்று சொன்னார்களோ என்னவோ, என் காதில் விழவில்லை. அறுப்பதற்கு முன் ஆட்டுக்குக்கூடத் தண்ணீர் காட்டுவார்கள். என் தம்பிக்கு அதுவும் கிடையாதாம்.

பல் எடுக்கப் போகிற நாள் காலையில் உம்மா குளித்துக்கொண்டிருந்தபோது சாச்சி வந்தாள். உம்மாவின் தங்கை. அவளுக்குப் பிள்ளை இல்லை, தம்பிமேல் உயிர். அவன் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று நேர்ந்து, விடிந்ததும் ஆலிம்சாவைக் கொண்டு பாத்திஹா ஓத வைத்திருக்கிறாள். துப்பட்டிக்குள்ளிருந்து ஓதின வாழைப்பழம் இரண்டையும், ஒரு குப்பித் தண்ணீரையும் எடுத்தாள். யாருக்காக ஓதினார்களோ அவர் வாயில்தான் நேர்ச்சை முதலில் பட வேண்டும். ராத்திரியிலிருந்து பசியோடு கிடந்த தம்பி ஒன்றரைப் பழத்தை மென்றும் மெல்லாமலும் விழுங்கி, தண்ணீரையும் குடித்தான்.

"சாச்சி, ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காவ."

"ஏளா, இது தீனியா? நேர்ச்ச. வயித்துக்கா போவுது, உசுருக்குல்லா போவுது. உங்க உம்மாட்ட மூச்சு விடாத."

மீதிப் பாதியை என் வாயில் திணித்தாள். இனிப்பாக இருந்தது. நான் மூச்சு விடவில்லை.

ஆஸ்பத்திரிக்குச் சாச்சியும் வந்தாள். மயக்கம் கொடுக்கிற டாக்டர் வேறு ஆள். ஒல்லியாக, ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். "ராத்திரிலேர்ந்து பிள்ளைக்கு என்னத்தயும் குடுத்தியளாம்மா?" என்று உம்மாவைக் கேட்டார். இல்லை என்றாள். சாச்சியிடம் திரும்பினார்.

"அல்லா மேல ஆணை, ஒண்ணும் குடுக்கல சார்."

சாச்சி பொய் சொல்லவில்லை. எதற்காகவும் அல்லாவின் பெயரில் பொய்ச் சத்தியம் செய்கிறவள் அல்ல அவள். அவளைப் பொறுத்தவரை பிள்ளை ஒன்றுமே சாப்பிடவில்லை. டாக்டர் தம்பியைக் குனிந்து கேட்டார். டாக்டர் என்றாலே வாயை இறுக்கிக்கொள்கிறவன், உதட்டைக்கூட அசைக்கவில்லை. அவர் உம்மாவிடம் மறுபடியும் அதையே கேட்டார்.

ஒரே விஷயத்தை ஓர் ஆள் இத்தனை தடவை கேட்கிறார் என்றால், அதில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. பசித்த வயிறு இல்லையென்றால் இவர்களால் அவனை ஒன்றும் செய்ய முடியாது. அப்படியானால் அந்தப் பழத்தை வைத்து அவனைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் சாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிப் பழம் என் வயிற்றிலும் கிடந்தது.

நர்ஸ் தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் தோளுக்கு மேலாக அவன் என்னைப் பார்த்து "லாத்தா" என்று கையை நீட்டினான். கதவு ஆடி மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

மேசையில் மல்லாத்திக் கிடத்தி, இரண்டு பேர் கையைப் பிடித்திருந்தார்கள். டாக்டர் கையிலிருந்த கறுப்பு மூடி அவன் முகத்துக்கு நேரே இறங்கிக்கொண்டிருந்தது.

"அவன் பழம் தின்னான்," என்றேன். "ஒண்ணரப் பழம். தண்ணியும் குடிச்சான்."

மூடி அப்படியே நின்றது. "எப்பம்மா?"

"இப்பத்தான். கிளம்பும்போது."

அவர் மூடியைக் கீழே வைத்தார். தம்பியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து உம்மாவின் கையில் கொடுத்து, இன்றைக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னார். உம்மா சாச்சியைப் பார்த்தாள். சாச்சி என்னைப் பார்த்தாள். "காட்டிக் குடுத்துட்டியேளா," என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

நாலு நாள் தம்பி வலியில் அழுதான். உம்மா என்னோடு பேசவில்லை, சாச்சி வீட்டுக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் சாச்சிக்குச் சொல்லாமலே போய்ப் பற்களை எடுத்துக்கொண்டு வந்தோம். அவனுக்கு இப்போது நாற்பது வயது ஆகப்போகிறது.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த முதல் நாள்தான். நாங்கள் வெளியே வரும்போது மயக்க டாக்டர் வராந்தாவில் தனியாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தம்ளர் பல்லில் தட்டுகிற சத்தம் கேட்டது. பாதித் தண்ணீர் சட்டையில்தான் இருந்தது. என்னைக் கண்டதும் தம்ளரைக் கீழே வைத்தார். நான் அவரை முறைத்துப் பார்த்தேன். கைக்குக் கிடைத்த பிள்ளை தப்பிவிட்ட கோபம் என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய ஆளுக்கு என்னைக் கண்டு கை நடுங்குகிறதே என்று பெருமையாக இருந்தது.