கூட்டமில்லாத சாமி

எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மனுக்கு ஜப்பான்காரன் காலத்தில் ஓய்வே கிடையாது. சயாமில் ரயில் பாதை போட தோட்டக் குடியிருப்புகளில் லயம் லயமாக ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்கு ஒரு வேண்டுதல் அவள் தலையில் இருந்தது. என் அப்பா போய் ஒரு வருஷம் தாண்டியிருந்தது.

"இவ்ளோ கூட்டத்துல உங்கப்பா பேரு அம்மனுக்கு எங்க ஞாபகம் இருக்கப்போவுது?" என்றாள் பக்கத்து வீட்டுத் தோழி. என்னைவிட ஒரு வயது மூத்தவள் என்பதால் அவளுக்கு எல்லாம் தெரியும். "ஜெராய் மலை அடியில பழைய கோயிலு ஒண்ணு இருக்கு லா. சண்டைக்கு முன்னாடி வெள்ளக்காரன் தோண்டி எடுத்தது. அந்தச் சாமிய யாரும் கும்புடறதில்ல. சும்மாதான் இருக்கும்."

யோசனை எனக்குச் சரியாகப் பட்டது. கீரை பறிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அவளும் அவள் தங்கையும் நானும் காலையிலேயே கிளம்பினோம். அம்மா சரியாகக் காதில் வாங்கவில்லை. அப்பாவின் சட்டையையும் வேட்டியையும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் யான் என்ற ஊருக்குப் போய், மலாய்க்காரர்களிடம் துணியைக் கொடுத்து அரிசி வாங்கி வருவதாக இருந்தாள். அரிசிச் சோற்று நினைப்பு வழியெல்லாம் எனக்கு இனித்தது.

கோயில் என்று போனால் கூரை இல்லை, சுவர் இல்லை, சாமியும் இல்லை. ஒரு கருங்கல் மேடை, அதன்மேல் நடுவில் குழி வெட்டிய கற்கள், அவ்வளவுதான். அவை மரத்தூண்களை நிறுத்திய கற்கள் என்று பெரியவளான பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று, இருப்பதில் பெரிய கல்லைச் சாமி என்று முடிவு செய்தோம். ஓடைத் தண்ணீரில் குளிப்பாட்டி, செம்மண்ணைக் குழைத்துப் பொட்டு வைத்து, அவித்த மரவள்ளிக் கிழங்கைப் படைத்தோம். அப்பா வந்தால் மொட்டை போட்டுக்கொள்வதாக வேண்டிக்கொண்டேன். பிரசாதத்தை நாங்களே தின்றோம். தங்கைக்காரி மட்டும் சாமிக்கு ஒரு துண்டு மிச்சம் வைத்தாள்.

சாயங்காலம் கீரையில்லாமல் திரும்பினேன். அடி விழுவதற்குள் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "சாமி கேட்டுக்கிச்சும்மா. அப்பா வந்துருவாரு."

அம்மா கை ஓங்கவில்லை. மூட்டையை அவிழ்த்து, சட்டையை உதறி மடித்து, பெட்டிக்குள் வைத்தாள்.

"அரிசி?" என்றேன்.

"வந்தா மனுசன் எதைப் போட்டுக்குவாரு?"

அந்தச் சட்டையை அப்பா போட்டுக்கொண்டதும் எனக்கு மொட்டை விழுந்ததும் ஜப்பான்காரன் போன பிறகு. அன்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அப்பாவைக் கொண்டுவருவதற்குள் என் சோற்றைக் கொண்டுபோய்விட்டதே அந்தச் சாமி.

அன்றும் கிழங்குதான். அப்பா போனதிலிருந்து அதிகம் வாய் திறக்காத அம்மா, அதை உரித்துக்கொண்டே ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள். அரிசி இல்லாத வீட்டில் பாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.