துண்டுக்கு அடியில் ஐந்து விரல்

நான் செய்யும் கலைக்கு ஊரில் பெயர் கிடையாது. களத்தில் ஒரு பகல் முழுக்க நின்று, நகர்ந்துகொண்டே போகும் என் நிழலைக் கரித்துண்டால் வரைந்தேன். அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டேன். "தொப்பி போட்டுட்டு நில்லுங்க, கலை ஒண்ணும் கெட்டுப்போகாது" என்று போனில் சொன்னாள் மனைவி. அவள் உடும்பஞ்சோலைப் பக்கம் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மூன்று வருடமாக அவள் மலையில், நான் இங்கே ஊரில், வேலந்தாவளத்தில்.

போன விடுமுறைக்கு அவள் வந்தபோது, ஊர்ப் பக்கம் மாறுதல் கேட்டு அபேட்சை, அதாவது விண்ணப்பம், கொடுக்கக் கடைசி நாளுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. கொடுப்பாயா என்று கேட்டேன்.

"உங்ககிட்டப் பேசி முடியுமாங்க? நான் ஒரு வரி சொன்னா நீங்க ஒரு பக்கம் சொல்வீங்க."

சொன்னது சரி. பேசிப் பேசியே அவளை நான் ஓய வைத்திருக்கிறேன். அப்போதுதான் துண்டு நினைவுக்கு வந்தது. எங்கள் மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. கைகளின் மேல் துண்டைப் போட்டு, உள்ளே எதிராளியின் விரல்களைப் பிடித்துச் சொல்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும். உள்ளே சொன்னதை வெளியே வந்து பேசக்கூடாது.

"சந்தையில மாதிரி துண்டுக்குள்ள பேசிக்கலாமா புள்ள? ஒரு வெரல் ஒரு வருசம். இன்னும் எத்தன வருசம் அங்கன்னு. வெளிய வந்து அதப் பத்திக் கேக்கக்கூடாது."

"படம் புடிப்பீங்களா?"

"புடிப்பேன்."

"அதான பாத்தேன்" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

நான் அவள் விரல் ஒன்றைப் பிடித்தேன். அவள் என் விரல் நான்கைப் பிடித்தாள். நான் இரண்டுக்கு ஏறினேன். நான்கு. மூன்றுக்கு வந்தேன், கெஞ்சுகிற மாதிரி அழுத்தினேன். அவள் கொஞ்ச நேரம் எதையுமே பிடிக்காமல் இருந்தாள். துண்டு சும்மா கிடந்தது. பிறகு என் கை முழுவதையும் பிடித்தாள். ஐந்து.

பேரத்தின் நடுவே, தான் கேட்ட விலையையே மேலும் ஏற்றும் விற்பவரைச் சந்தையில் பார்த்ததில்லை. ஏற்றினால், பேசியது போதும் என்று அர்த்தமாக இருக்க வேண்டும். கையை உருவிக்கொண்டு காபி வைக்கப் போனாள்.

படத்தை இணையத்தில் போட்டேன். என்றும் இருபது பேர் பார்க்கும் இடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து பார்த்தார்கள். மாடு என்ன விலைக்குப் போச்சு என்று கேட்டார்கள். காதல் என்றார்கள். பக்கத்துத் தோட்டத்து மாட்டுத் தரகர் மட்டும் போனை எட்டப் பிடித்து, படத்தில் என் முகத்தையே பார்த்தார்.

"ஏனுங் தம்பி, பசுவோட கன்னையும் சேத்துக் குடுத்தவனாட்ட நிக்கறீங்க?"

நானும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். நிறுத்துகிறேன், மெதுவாக்குகிறேன். துண்டு சும்மா கிடந்த அந்த இடத்தில் அவள் எதை நினைத்தாள்? நானே பிடித்த படம். துண்டுக்குள்தான் எனக்கும் வழியில்லை.

அபேட்சைக்குக் கடைசி நாளன்று, மலைக்குத் திரும்பியிருந்தவளுக்கு முறையை மீறிப் போன் செய்தேன்.

"அபேட்சை குடுத்தியா?"

"அதான் அன்னைக்கே சொன்னனே."

"அஞ்சு வருசமா?"

"வெளிய கேக்கக்கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க." பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம். "மணி அடிச்சிருச்சு, வெக்கறேன். அந்தத் துண்டத் தொவச்சு வைங்க. அடுத்த லீவுக்கு வருவேன்ல."

துவைத்தேன். வேறென்ன செய்ய. கொடியில் அது தானாக அசைந்துகொண்டிருந்தது.