மாடிப்படிக்கு ஒரு கதவு

கண்ணாடிக் கடைக்காரரின் மனைவிக்கு வேலையே விளிம்புகளோடுதான். கணவர் அறுத்துப் போடும் கண்ணாடியின் ஓரத்தைத் தண்ணீர் சொட்டச் சுழலும் கல்லில் தேய்த்துத் தேய்த்து, யார் கை வைத்தாலும் கீறாதபடி மழுக்கிக் கொடுப்பாள். ஊரில் பாதி மேசைகள் அவள் தயவில்தான் ரத்தம் பார்க்காமல் இருக்கின்றன.

அவள் வீட்டில் மட்டும் ஒரு விளிம்பு அப்படியே கிடந்தது. கீழே கடை, மேலே குடித்தனம். மாடித் தரையின் நடுவில் பெரிய ஓட்டை. அதிலிருந்து செங்குத்தாக இறங்கும் படிக்கட்டு. தடுப்பு கிடையாது. மகளோ தவழத் தொடங்கியிருந்தாள். கடை முழுக்கக் கண்ணாடித் தூள், குழந்தையைக் கீழே கொண்டுவரவும் முடியாது.

"ஏங்க, ஊருக்கெல்லாம் தடுப்பு போடுறீங்க. நம்ம படிக்கு ஒரு கதவு போட்டா என்ன?"

"போட்டுட்டா அவ எப்படிக் கத்துப்பா?" கணவர் விரல்களை விரித்துக் காட்டினார். தழும்பில்லாத விரலே இல்லை. "ஒவ்வொண்ணும் ஒரு பாடம்டி. பொறக்கும்போது மண்டை காலி. பட்டாத்தான் ஏறும்."

அவளுடைய அண்ணன் கணக்கு வாத்தியார். சாப்பிட வந்தவர், சாப்பிட்டும் எழுந்து போகாதவர். "தப்பு மாப்ளே. சிலதெல்லாம் உள்ளேயே இருக்கு. பள்ளம்னா ஆபத்துன்னு குழந்தைக்குப் பிறவியிலேயே தெரியும். கதவு எதுக்கு?"

ஒருவர் சொல்படி குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. மற்றவர் சொல்படி எல்லாம் தெரியும். ஜென்மத்தில் ஒத்துப்போகாத இருவரும் கதவு வேண்டாம் என்பதில் மட்டும் ஒரே கட்சி. அவள் இழுத்து வைத்த டிரங்குப் பெட்டியையும், நடக்க இடைஞ்சல் என்று மாறி மாறித் தள்ளிவிட்டார்கள்.

கடைசியில், பரீட்சை வைத்தே பார்ப்பது என்று முடிவாயிற்று. யாரோ ஆர்டர் கொடுத்திருந்த தடித்த கண்ணாடியை மாடிக்குத் தூக்கிவந்து ஓட்டையின் மேல் கிடத்தினார்கள். இந்தப் பக்கம் குழந்தை, அந்தப் பக்கம் அம்மா.

குழந்தை விளிம்புவரை வந்தது. கீழே பார்த்தது. பின்வாங்கியது.

"பாத்தீங்களா! யாரு சொல்லிக்குடுத்தா?" வாத்தியார் துள்ளினார்.

"அன்னைக்குக் கட்டில்லேருந்து விழுந்தாளே, அது சொல்லிக்குடுத்துச்சு" என்றார் கணவர்.

வாத்தியார் விடவில்லை. "நீ கூப்பிடும்மா. பெத்தவ கூப்பிட்டாலும் வரமாட்டா, பாரேன்."

குழந்தையின் உதடு பிதுங்கியது. அழப்போகிறதே என்று அவள் சிரித்தாள். வேறு எதுவும் நினைக்கவில்லை. குழந்தை பள்ளத்தைப் பார்த்தது, அம்மா முகத்தைப் பார்த்தது. பிறகு வெற்றுவெளியின் மேல் கைவைத்து, சிரித்தபடி தவழ்ந்து வந்து அவள் மடியில் விழுந்தது.

இது எதை நிரூபித்தது என்று ஆண்கள் அடித்துக்கொண்டார்கள். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அம்மா சிரித்தால் பள்ளம் தாங்கும். குழந்தை அன்று கற்றது அது ஒன்றுதான்.

மறுநாள் கண்ணாடி ஆர்டர்காரர் வீட்டுக்குப் போய்விட்டது. குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன இருவரும் மாடியில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். கீழே அவள் கல்லை நிறுத்தினாள். தலைக்கு மேலே சின்னக் கைகள் தரையில் பட்பட்டென்று தட்டும் ஓசை. நிமிர்ந்தாள்.

படியின் உச்சியில் குழந்தை. அம்மாவைக் கண்டதும் வாய் மலர்ந்தது. ஒரு கை காற்றில் நின்றது. அவள் முகத்துக்காகக் காத்திருந்தது.

பழக்கத்தில் பாதி வந்துவிட்ட சிரிப்பை அவள் கடித்து விழுங்கினாள். கண்ணை உருட்டி, பல்லைக் கடித்து, பெற்ற பிள்ளையை அப்படி முறைத்தாள். முகத்தைத் தளர்த்தாமல் படிப்படியாக ஏறினாள். காற்றில் நின்ற சின்னக் கை பின்னால் போனது. குழந்தை வீறிட்டது. அதற்குள் வாரி எடுத்துவிட்டாள்.

இருவரும் ஓடிவந்தார்கள்.

"தானா நின்னுட்டா பாருங்க!"

"நேத்துப் படிச்ச பாடம் மச்சான்!"

"கதவு," என்றாள் அவள்.

"கதவு போட்டுட்டா யாரு சொன்னது சரின்னு எப்படித் தெரியும்?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

கண்ணாடிக்காரர் பெண்டாட்டிக்குச் சிடுமூஞ்சி என்று கடைக்கு வருபவர்கள் இப்போது பேசிக்கொள்கிறார்கள். படிக்கு இன்னும் கதவு வரவில்லை. அவள் கல்லில் கையும் மாடியில் காதுமாக இருக்கிறாள். கொஞ்ச நாளாக மேலே கேட்பது கைகளின் ஓசை அல்ல. குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டது.