பத்திரம் கொடுக்காத கோயில்

ஞாயிறு காலை ஆறரை மணிக்குத் திருப்பூரில் இறங்கினேன். பாளையங்கோட்டையிலிருந்து ஓர் இரவுப் பேருந்துப் பயணம். ஓராண்டுக்கு முன் இங்கே மஞ்சள் காமாலையில் இறந்து, இங்கேயே அடக்கமான என் மகனின் உடலை எங்கள் ஊருக்கு மாற்றுவதா என்று முடிவு செய்ய வந்திருந்தேன். அடக்கத்தன்று நான் இதய அறுவை முடிந்து மருத்துவமனையில் இருந்தேன். இடத்தைப் பார்ப்பது இதுவே முதல் முறை.

அவன் கத்தோலிக்கக் குரு. மறைமாவட்டத் தலைவரான ஆயரின் தடையை மீறியவன் என்பதால் எங்கள் ஊரில் குருக்களின் கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுக்கப்பட்டது. இப்போது மறைமாவட்ட அலுவலகம் இரங்கியிருக்கிறது. கடைசி நேரத்தில் அவன் மனம் வருந்தினான் என்று தந்தையாகிய நான் சொன்னால் போதுமாம்.

முதலிபாளையத்திற்கு ஆட்டோ முந்நூறு ரூபாய். காங்கயம் சாலையில் ஓட்டுநர் கேட்டார்:

"ஏனுங்க, இந்திக்காரங்க சர்ச்சுக்குங்களா? சாமிகிட்டயே சண்டை போட்டவிங்களாச்சுங்களே."

"சாமியிடம் இல்லை. ஆயரிடம்."

"அது இன்னும் பெரிய சண்டைங்க."

ஜார்க்கண்டிலிருந்து பனியன் கம்பெனிகளுக்கு வந்தவர்கள், கூலியில் மிச்சம் பிடித்து நிலம் வாங்கிக் கோயில் கட்டி, தங்கள் சாத்ரி மொழியில் திருப்பலி கேட்டார்கள். முதலில் பத்திரத்தை மறைமாவட்டத்தின் பெயருக்கு மாற்றுங்கள் என்றது மேலிடம். மறுத்துவிட்டார்கள். அமெரிக்கச் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் பிழைக்கப் போன போலந்துக்காரர்களும் சொத்து, மொழி என்ற இதே வழக்கில்தான் ஆயர்களைப் பிரிந்து தனிப் பங்குக் கோயில்கள் அமைத்தார்கள். கல்லூரியில் வரலாறு கற்பித்த நான் அதை ஒரே வகுப்பில் நடத்தி முடித்துவிடுவேன். உதவிக் குருவாக இங்கு வந்த என் மகன், சாத்ரி கற்றுக்கொண்டு, ஆயர் தடுத்தும் இவர்களோடு தங்கிவிட்டான்.

தகரக் கூரை போட்ட நீண்ட கூடம்தான் கோயில். பீடத்தின் மேல் வெள்ளைப் பனியன் துணி விரித்திருந்தது. அவனுக்குப் பின் குரு யாரும் வரவில்லை. சுஷ்மா என்ற தையல்காரப் பெண் செபத்தை நடத்தினார். முடிந்ததும் கோயிலின் பின்புறம் அழைத்துச் சென்றார். கல்லறையின் மேல் பல நிறக் கற்கள் குவிந்திருந்தன.

"ஊருக்குப் போனவங்க திரும்பி வரப்ப ஆளுக்கொரு கல்லு கொண்டாருவோங்க, பாபா. ஃபாதர் எங்க ஊரைப் பாக்கவே இல்லீங்களே. ரயில்ல டிடிஆர் கேட்டாரு, திருப்பூர்ல கல்லே கிடைக்காதான்னு."

"கொண்டாந்தது இவ. தூக்குனது நானுங்க" என்றார் அவர் கணவர்.

ஒரு கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

"எடுத்துட்டுப் போயிருவீங்களா, பாபா?" என்று சுஷ்மா கேட்டார். கற்களை அவர் சொல்லவில்லை.

பதில் சொல்வதற்குள் கைபேசி ஒலித்தது. மறைமாவட்ட அலுவலகத்துக் குரு.

"சார், நாளைக்கு வண்டி அனுப்பவா? அந்த ஒரு வார்த்தை மட்டும்..."

"அவன் வருந்தியதாக எனக்குத் தெரியாது, ஃபாதர். வருந்தும்படி எதையும் செய்ததாகவும் தெரியவில்லை. வண்டி வேண்டாம்."

"பளிங்குக் கல்லறை சார். நல்லா யோசிங்க."

"யோசித்தாயிற்று" என்று கைபேசியை அணைத்தேன்.

எங்கள் ஊரின் குருக்கள் கல்லறை வரிசை என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மாலைதோறும் போய் உட்கார்ந்திருக்கலாம். இனி ஒவ்வொரு முறையும் ஓர் இரவுப் பயணம்.

அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் கிடைக்குமா என்று கேட்டேன். சுஷ்மா நிலத்தைப் பார்த்தார்.

"இடம் இருக்குதுங்க. ஆனா இங்க எதுன்னாலும் எல்லாரும் கை தூக்கித்தானுங்க முடிவு. உங்களுக்கும் அப்படித்தான்."

நண்பகலில் கூடத்தில் கூடினார்கள். சாத்ரியில் நடந்த பேச்சில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிறகு கைகள் உயர்ந்தன. சுஷ்மாவின் கணவர் இரண்டு கைகளையும் தூக்கினார். அவற்றில் ஒன்றைச் சுஷ்மா பிடித்து இறக்கிவிட்டார்.