வேலூரிலிருந்து வாங்கி வந்த மோட்டார்

துருப்பிடித்த தண்ணீர் இரும்புக்குள் கொதித்து ஆவியாகும்போது ஒரு நெடி வரும். ஆம்பூரில் பிறந்தவளுக்கு நெடி புதிதல்ல. சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் பச்சைத்தோலும் கலந்த காற்றைத்தான் நாங்கள் பிறந்ததிலிருந்து சுவாசித்தோம். ஆனால் அந்தத் துருத்தண்ணீர் நெடி என் பதினோராவது வயதில், ஒரு கோடையில், எங்கள் வீட்டுக்கு வந்தது.

அப்பாவை நாங்கள் 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டியவர். இரண்டு குதிரைகளும் ஒரு வண்டியும் அவருக்குச் சொந்தமாக இருந்தன. அந்த வாசலில் அப்படிச் சொல்லிக்கொள்ள இன்னும் இரண்டு பேர்தான் உண்டு. பஸ் வந்த பிறகு ரயிலிறங்கியவர்கள் ஜட்காவைத் திரும்பிப் பார்ப்பது குறைந்துபோனது. காலை முழுவதும் நின்றுவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும் நாட்களில் அவர் குதிரைகளுக்குப் புல் போட்ட பிறகே சாப்பிட உட்காருவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் குதிரைகளையும் வண்டியையும் லாயம் இருந்த மனையில் பாதியையும் விற்றுவிட்டு, வேலூரில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய அதிகாரியின் பழைய மோட்டாரை வாங்கினார். அந்த மாதிரி மனிதர் வீட்டு வண்டி மோசமாக இருக்குமா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்கும் அது நியாயமாகவே பட்டது.

வண்டியை ஆம்பூருக்கு ஓட்டி வந்தவர் அந்த அதிகாரியின் டிரைவர். நைனாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது பேச்சாதலால் எட்டு நாள் எங்கள் வீட்டிலேயே தங்கினார். ஒல்லியான மனிதர், காக்கிக் கோட்டு போட்டிருப்பார், அதிகம் பேசமாட்டார். அம்மா சோறு போட்டால் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டு எழுந்துவிடுவார். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், பக்கத்தில் கொஞ்ச தூரம் மட்டும் ஓட்டிக் காட்டுவார். திரும்பி வந்ததும் அவரே குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றுவார். என்னையும் ஒரு நாள் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினார். ஊருக்குக் கிளம்பிய அன்று நைனாவிடம், வெயில் நேரத்தில் தூரமாகப் போக வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். புது ஆள் என்பதால் அப்படிச் சொல்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

முதல் சவாரியாக நைனா ஒரு புதுமணத் தம்பதியைப் பள்ளிகொண்டா கோயிலுக்கு அழைத்துப் போனார். மாதனூர் தாண்டுவதற்குள் வண்டி புகைந்து, கொதித்து, நடுரோட்டில் நின்றுவிட்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த வழியாக வந்த வேறொரு ஜட்காவில் ஏறிப் போனார்கள். அதை ஓட்டி வந்தவர் நைனாவோடு ஸ்டேஷன் வாசலில் பல வருஷம் நின்றவர்தான். மோட்டாரில் கயிறு கட்டி இரண்டு மாடுகள் இழுத்துக்கொண்டு வந்தன. நைனா உள்ளே உட்காரவில்லை. ஊர் பார்க்கப் பக்கத்திலேயே நடந்து வந்தார்.

தோல் பதனிடும் ஷாப்பில் ஆயில் இஞ்சின் பார்த்துக்கொள்ளும் ரஹீம் பாய் வந்து, மூடியைத் திறந்து, ஆணியால் ஓரிடத்தில் சுரண்டிப் பார்த்தார். பெயிண்ட் உதிர்ந்தது, அடியில் கறுப்பாக எதுவோ பொடிந்து விழுந்தது.

"இஞ்சின் பிளாக் வெடிச்சிருக்குது. அரக்கும் இரும்புத்தூளும் வச்சி அடைச்சி மேல பெயிண்ட் அடிச்சிருக்கானுங்க. சில்லுனு இருந்தா ஓடும், சூடு ஜாஸ்தி ஆச்சுன்னா உட்டுக்கும்," என்றார். மாற்று பிளாக் சீமையிலிருந்துதான் வர வேண்டும், அதற்கு இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம் என்றும் சொன்னார். நைனா அந்தப் பொடியைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார்.

அவருக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல அதிகாரிக்கு நான் மூன்று கடிதங்கள் எழுதினேன். முதல் கடிதத்தில் 'எஜமான் அவர்களுக்கு இது தெரிந்திருக்காது' என்று எழுதச் சொன்னார். மூன்றிலும் அந்த வரி இருந்தது. ஒன்றுக்கும் பதில் வரவில்லை. பிறகு ஒருநாள், நன்றாகப் படிக்கிற பெண் பக்கத்தில் இருந்தால் கேட்டதைச் சரியாகப் புரிந்துகொள்ளலாம் என்று சொல்லி, என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். காட்பாடி வரை ரயில். அங்கிருந்து பாலாற்றைத் தாண்டி வேலூருக்கு நடந்தோம்.

அந்தப் பங்களாவில், ஐயா குளிக்கிறார், உட்காருங்கள் என்றார்கள். ஷெட்டில் புது மோட்டார் ஒன்று நின்றது. அதைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனார். கிணற்றடிக்கு அழைத்துப் போய்த் தண்ணீர் சேந்திக் கொடுத்தார். நான் குடித்து முடிப்பதற்குள் அவராகவே சொல்லத் தொடங்கிவிட்டார். போன வருஷம் வாணியம்பாடிப் பக்கம் வண்டி சூடேறி நின்றபோது, இஞ்சின் ஆறும்வரை பொறுக்காமல் பச்சைத்தண்ணீரை ஊற்றச் சொன்னது ஐயாதான், அப்போதே வெடித்துவிட்டது, அடைத்துப் பெயிண்ட் அடிக்கச் சொன்னதும் அவர்தான்.

"உங்க ஊட்டு சோத்த தின்னுட்டு சொல்லாம வந்துட்டேன் அண்ணே. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நாலு புள்ளைங்க இருக்குது."

நைனா அவர் கையைப் பிடித்து, சொல்லமாட்டேன் என்றார்.

அதிகாரி விபூதி பூசிக்கொண்டு வெளியே வந்தார். நைனா காகிதத்தைப் பிரித்து அந்தப் பொடியைக் காட்டினார். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஓடுவதைப் பார்த்துத்தானே வாங்கினாய், குதிரை ஓட்டிய கை இஞ்சினைக் கெடுத்திருக்கும் என்றார். நைனா கும்பிட்டபடியே, பாதியாவது திருப்பித் தரும்படி கேட்டார். அதுவும் முடியாதென்றால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஒரு குதிரை வாங்கும் அளவுக்காவது கொடுக்கச் சொன்னார். அதிகாரி டிரைவரைக் கூப்பிட்டார்.

"நீயே சொல்லப்பா. இங்கேருந்து போறப்போ வண்டி எப்படி இருந்துச்சு?"

டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "நல்லாத்தாங்க இருந்துச்சு," என்றார்.

நைனாவின் கும்பிட்ட கை மெதுவாகக் கீழே இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"இப்பதானே கெணத்தாண்ட வெடிச்சிடுச்சின்னு சொன்னீங்க," என்றேன்.

அதிகாரி கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாக டிரைவரைப் பார்த்து, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போ என்றார். பிறகு நைனாவிடம் திரும்பினார்.

"வேலைய விட்டு அனுப்பின ஆள் ஆத்திரத்துல ஆயிரம் சொல்லுவான். அதுக்கு நான் பொறுப்பு இல்ல. நீ போகலாம்."

டிரைவர் பனியனோடு கேட்டைத் தாண்டி நடந்தார். நைனா பின்னாலேயே ஓடி அவர் தோளைத் தொட்டு எதையோ சொல்லப் பார்த்தார்.

"கொழந்த, அதுக்கு இன்னா தெரியும். வுடுங்க அண்ணே," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். என்னை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

காட்பாடிக்குத் திரும்பி நடந்தோம். ரயிலில் எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். அதைச் சாப்பிட முடியாமல் பாவாடையில் முடிந்து வைத்துக்கொண்டேன். வீட்டில் அம்மா கேட்டபோது, "அவரு ஒத்துக்கல," என்று மட்டும் சொன்னார். நான் பேசியதை அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. ஒரு அடி அடித்திருந்தால் நான் அழுதிருப்பேன். அதற்கும் அவர் வழிவைக்கவில்லை.

மோட்டார் லாயம் இருந்த இடத்திலேயே நின்று துருப்பிடித்தது. கடைசியில் சக்கரங்களை ஒருவரும் தகரத்தை இன்னொருவரும் எடுத்துக்கொண்டு போனார்கள். நைனா தோல் ஷாப்பில் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலைக்கு இறங்கினார். ஒரு வருஷத்துக்குள் விரல் இடுக்கெல்லாம் புண்ணாகிவிட்டது; சோற்றை அவரால் பிசைய முடியாது, அம்மா பிசைந்து வைப்பாள். அப்படியும் லீவு நாட்களில் பல தடவை வேலூருக்குப் போய் வந்தார். எதற்கென்று அம்மா கேட்டால், ஒரு ஆளைப் பார்க்க வேண்டும் என்பார். பார்த்ததாக ஒருநாளும் சொன்னதில்லை.

இன்று ஆம்பூர் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா நின்ற அடையாளம் ஏதும் இல்லை. குதிரைகள் தண்ணீர் குடித்த கல்தொட்டியையும் பெயர்த்துவிட்டார்கள். வேலூர்ப் பங்களாவை இடித்துக் கடைகள் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் அந்தத் தெருவில் கேட்டால் அதிகாரியின் பேரை மரியாதையோடு சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். டிரைவரைப் பற்றிக் கேட்க எனக்கு வழியில்லை. எங்கள் வீட்டில் எட்டு நாள் சாப்பிட்ட மனிதரை நாங்கள் எல்லோரும் 'டிரைவர்' என்றே கூப்பிட்டோம். பேர் என்ன என்று யாரும் கேட்டுவைக்கவில்லை. வேலூர்த் தெருக்களில் நைனா அத்தனை தடவை ஒரு பேர்கூடத் தெரியாமல்தான் அவரைத் தேடி அலைந்திருக்கிறார் என்பது, நைனா காலமாகிப் பல வருஷங்கள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.