பஸ் ஏறிப் போன பேய்

"சும்மா ஒரு நடை போய்ட்டு வரலாம்மா, என் ஆபீஸ் ஆளுங்கல்லாம் வராங்க" என்று மகள் உஷாராணி கூப்பிட்டபோது, எங்கே என்று அமுதவள்ளி கேட்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ரயிலேறி, இறங்கி, ஒரு முனை திரும்பிய பிறகுதான் தெரிந்தது. எதிரே புடு சிறையின் பழைய வாசல். உள்ளே இருந்ததையெல்லாம் இடித்துப் பெரிய கடைத்தொகுதி எழுப்பிவிட்டு, வாசலை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் மறுபக்கமே பார்த்துக்கொண்டு போனவள், இன்று அதற்கு நேர்முன்னே நின்றாள்.

ஆட்களைக் கூட்டிவந்து பேய்க்கதை சொல்பவன் பிரவின் என்ற சுபாங் ஜெயாக்காரன். நன்றாகத்தான் சொன்னான். இரவில் தானாகக் குலுங்கும் சாவிக்கொத்து, யாருமில்லாத அறையில் இருமல். கூட்டம் சிரித்தும் சிலிர்த்தும் கேட்டது.

"அடுத்தது ரொம்ப பேமஸ்" என்றான். "எண்பதுகள்ல கைதிங்களே பாத்தது. அதோ, ரோட்டுக்கு அந்தப் பக்கம் அந்த மேட்டுல, பொழுது சாயற நேரம் வெள்ளை உடுப்புல ஒரு பொம்பள வந்து நிப்பா. கைய மெதுவா மேல தூக்குவா. ஒரு பஸ் குறுக்க வரும். பஸ் போனதும் பாத்தா, ஆளே இல்ல! புருஷனத் தூக்குல போட்டுட்டாங்க, அந்தத் துக்கத்துல செத்தவன்னு சொல்வாங்க. பொந்தியானாக்லா, பொம்பளப் பேய்! சத்தியம் பண்றவங்க இருக்காங்க!"

அமுதவள்ளிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சுருக்கென்று கோபம் வந்தது. தூக்கிலா?

அவள் புருஷன் அய்யாவு அந்த எண்பதுகளில் கிள்ளானில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். சரக்கு இறக்கும் இடத்தில் வாய்ச்சண்டை முற்றி, ஒருவனை இரும்புக் கம்பியால் அடித்துவிட்டார். அடித்தது உண்மை. நாலு வருடத் தண்டனையும் நியாயம்தான் என்று அவரே சொல்வார். அம்பாங்கிலிருந்து அமுதவள்ளியின் அண்ணன்மார் வந்து, "ஜெயிலுக்குப் போனவன் நமக்கு வேணாம், பிள்ளையைத் தூக்கிட்டு வீட்டுக்கு வா" என்றார்கள். அவள் போகவில்லை. ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை தேடிக்கொண்டாள். புருஷன் சிங்கப்பூரில் லோரி ஓட்டுகிறார் என்று ஊருக்குச் சொல்லிவைத்தாள்.

ஒருமுறை பார்க்கப் போனபோது அய்யாவு சொன்னார்: "மேல்மாடி ஜன்னல்லருந்து ரோட்டோர மேடு தெரியுது, வள்ளி." அவ்வளவுதான் சொன்னார். அந்த வாரத்திலிருந்து வேலை முடிந்ததும், வெள்ளைச் சீருடையை மாற்றக்கூட நேரமில்லாமல், மேட்டில் போய் நிற்பாள். பிள்ளை சுகம் என்பதற்குக் கையைத் தூக்கிக் காட்டுவாள். ரோஸ் நிற மினி பஸ் வந்ததும் ஓடி ஏறிவிடுவாள். அதைத் தவறவிட்டால், பக்கத்து வீட்டில் விட்டுவந்த பிள்ளை அழும். மழையிலும் நின்றாள், காய்ச்சலிலும் நின்றாள்.

இத்தனையும் உஷாராணிக்குத் தெரியாது.

அமுதவள்ளி கூட்டத்தை விட்டு ஒதுங்கி வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, நான் புடு ஜெயில் வாசல்ல நிக்கிறேன்."

"அங்க என்ன வேல உனக்கு?"

"என்னைப் பேய்ங்கிறாங்க. கைய தூக்கிக் காட்டுனேன்ல, அத வச்சு. உங்களத் தூக்குல போட்டுட்டாங்களாம்."

"என்னையா?" அய்யாவுவின் குரல் உயர்ந்தது. "நான் இங்க மீன் கழுவிட்டு நிக்கிறேன்லா!"

"சொல்லட்டுமா? இது உங்க விஷயம். உஷாவும் இருக்கா."

குழாயை மூடும் சத்தம் கேட்டது. "சொல்லு. என் பேரையும் சேத்தே சொல்லு. நான் அடிச்சதையும் சொல்லு. நீ நின்னத மட்டும் கொறச்சிச் சொல்லிடாத."

அமுதவள்ளி திரும்பி வந்தாள். "தம்பி, அந்தப் பொம்பள பொந்தியானாக் இல்ல. நான்தான்" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை, புருஷன் பெயரையும் அவர் செய்ததையும் மறைக்காமல் சொன்னாள். எங்கே நின்றாள் என்று கேட்டதற்கு, ரோட்டைக் கடந்து அவர்களையே மேட்டுக்குக் கூட்டிப்போய் நின்று காட்டினாள். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் போனைத் தாழ்த்திவிட்டார்கள். பிரவின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "சோரிலா ஆன்டி" என்றான். "இத நான் வருஷக்கணக்கா தப்பாவே சொல்லிட்டிருந்தேன்."

ரயிலில் பாதி வழி வந்த பிறகு உஷாராணி, "அந்தப் பிள்ளை நானாம்மா?" என்று கேட்டாள்.

"வேற யாரு?"

அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டவள், வீடு வரும்வரை விடவில்லை. வீட்டில் அப்பா மீன் குழம்போடு காத்திருந்தார். தலை நிமிராமல் பரிமாறினார். "அப்பா, உங்களுக்கும் ஒரு தட்டு எடுத்து வைங்க, சேந்து சாப்பிடுவோம்" என்று உஷாராணி சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

அடுத்த மாதம் பிரவின் வீட்டுக்கே வந்து, அமுதவள்ளியே கூட்டத்துக்கு அந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். இம்முறை அய்யாவுவும் வந்தார். விடுதலையான நாளுக்குப் பிறகு அந்த வாசலுக்கு அவர் வருவது அதுவே முதல் தடவை. இஸ்திரி போட்ட சட்டை, முழங்கால் வலிக்குக் கைத்தடி. அமுதவள்ளி பேசி முடித்ததும் ஒரு பெண் அவரிடம் கேட்டாள்: "அங்கிள், உள்ள மத்தவங்க எல்லாம் பயந்தாங்களா?"

"பயப்படாம? ஜன்னல் பக்கமே வர மாட்டானுங்க. ஒருத்தன் போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டு சாமி கும்பிடுவான்."

"நீங்க?"

அய்யாவு மனைவியைப் பார்த்தார். "நான் தலைய சீவிட்டுப் போய் நிப்பேன்."

கூட்டம் கைதட்டியது. இந்த ஒன்றை அவர் இதுவரை அவளிடம் சொன்னதில்லை. அமுதவள்ளி அந்த இடத்திலேயே, அத்தனை பேர் முன்னால், அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.